காற்றுக்கு ஒரு நாடு செய்த ஏற்பாடு



இன்று டென்மார்க்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த நாடு. மக்கள்தொகை 60 லட்சத்தை ஒட்டி. அங்கே ஓர் ஆண்டுக்குத் தேவைப்படும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது. 1990இல் இந்தப் பங்கு நூற்றுக்கு 2. 2000இல் 12. 2010இல் 20ஐத் தாண்டியது. 2015இல் 42, 2019இல் 47.

இதைக் கேட்டதும், “அவர்களுக்கு வடகடல் காற்று இருக்கிறது, காசும் இருக்கிறது, அதனால் முடிந்தது” என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1990இலும் அந்தக் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டு டென்மார்க்கின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிலக்கரியை எரித்துக் கிடைத்தது. பணமும் அப்போதே இருந்தது. ஆகவே காற்றும் பணமும் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

நான் சொல்ல வந்தது இதுதான். காற்றின் பங்கு உயர்ந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அங்கே ஒரு பொது ஏற்பாடு நடந்திருக்கிறது. இயந்திரத்தைச் சோதித்துச் சான்று தருவதற்கு ஓர் ஏற்பாடு, ஊரார் பங்குபோட்டுக்கொள்வதற்கு ஓர் ஏற்பாடு, அண்டை நாடுகளோடு மின்சாரத்தை மாற்றிக்கொள்வதற்கு ஓர் ஏற்பாடு. ஏற்பாடு தளர்ந்த ஆண்டுகளில் வளர்ச்சியும் நின்றுபோனது. அந்த வரலாற்றை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்

1891. அஸ்கோவ் என்ற கிராமம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் மக்கள் உயர்பள்ளி ஒன்று அங்கே இருந்தது. அதில் பவுல் லா கூர் என்ற இயற்பியல் ஆசிரியர் அரசின் நிதியுதவியோடு மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றை நிறுவினார். நகரங்களில் மின்விளக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. கிராமங்களுக்கும் வெளிச்சம் வர வேண்டும் என்பது அவருடைய தவிப்பு.

இன்றும் நாம் கேட்கும் கேள்வியை அவர் முதல் நாளே கேட்டார்: காற்று நின்றால் என்ன செய்வது? காற்றாலை தந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்து, பள்ளிக்கூட விளக்குகளை எரித்தார். பசுமை ஹைட்ரஜன் என்று இன்று மாநாடுகளில் பேசுகிறோமே, அதன் வேர் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. குறைவான இறக்கைகள் வேகமாகச் சுழன்றால் அதிக ஆற்றல் கிடைக்கும் என்பதையும் அவர் சோதித்துக் கண்டார்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் செய்தார். கிராமத்து இளைஞர்களுக்கு மின்சார வேலை கற்றுக்கொடுத்தார். அப்படிப் படித்தவர்களில் ஒருவர் யோஹான்னஸ் யூல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1957இல், நாட்டின் தென்கோடியில் உள்ள கெட்சர் கடற்கரையில் அவர் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டினார். மூன்று இறக்கைகள். மாறுமின்சாரத்தை நேரே மின்கட்டமைப்புக்குத் தரும் ஜெனரேட்டர். சுழற்சி கட்டுமீறினால் இறக்கை நுனிகள் தாமே திரும்பிக் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. பத்தாண்டு காலம் அது ஓடியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் 1967இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த வடிவம் அழியவில்லை.

எண்ணெய் நின்றபோது

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டென்மார்க் தனக்கு வேண்டிய எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கை இறக்குமதி எண்ணெயில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. மின் நிறுவனங்களும் அரசும் அணுமின்சாரத்தின் பக்கம் திரும்பின. மக்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். 1974இல் தொடங்கிய அணுமின் விழிப்புணர்வு இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. 1985இல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தை நாட்டின் எரிசக்தித் திட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது.

வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு மாற்று ஒன்றைக் காட்டும் பொறுப்பும் வந்தது. கிறிஸ்டியன் ரீசகர் என்ற தச்சர், யூலின் வடிவத்தைச் சிறிய அளவில் பின்பற்றி 22 கிலோவாட் காற்றாலை செய்து தன் வீட்டு மின் இணைப்போடு சேர்த்தார். உல்ஃபோர்க் அருகே த்வின்ட் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும் சேர்ந்து 54 மீட்டர் விட்டமுள்ள பெரிய காற்றாலையைத் தங்கள் கைகளாலேயே கட்டி 1978இல் ஓடவிட்டார்கள்.

இதே காலத்தில் ஜெர்மனி வேறு வழியில் போனது. அரசு நிதியில், பெரிய நிறுவனங்களின் உழைப்பில், ‘குரோவியன்’ என்ற 3 மெகாவாட் காற்றாலை 1983இல் எழுந்தது. 100 மீட்டர் விட்டம், இரண்டு இறக்கைகள், அன்றைய உலகின் மிகப்பெரியது. சில நூறு மணி நேரமே ஓடிய அதை 1988இல் பிரித்துவிட்டார்கள். ஒரே தாவலில் உச்சிக்குப் போக நினைத்த திட்டம் அது. டென்மார்க்கின் பட்டறைக்காரர்களோ 22 கிலோவாட்டிலிருந்து 30, அதிலிருந்து 55 என்று ஏறினார்கள். உடைந்ததை மாற்றினார்கள், மாற்றியதை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பட்டறைக்காரர்கள் யார்? வெஸ்டாஸ் விவசாயக் கருவிகள் செய்த நிறுவனம். நார்ட்டேங்க் டேங்கர் லாரிகளுக்குத் தொட்டி செய்தது. போனஸ் நிறுவனம் பாசனக் கருவிகள் செய்த தொழிலிலிருந்து வந்தது. இரும்பை வளைக்கவும் வெல்டிங் செய்யவும் தெரிந்தவர்கள், காற்றாலை வாங்கும் விவசாயியை நன்றாகப் புரிந்தவர்கள்.

இங்கேதான் முதல் ஏற்பாடு வருகிறது. 1978இல் ரிசோ ஆய்வுக்கூடத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் தொடங்கியது. அணு ஆராய்ச்சிக்காக நிறுவப்பட்ட கூடம் அது. 1979இல் அரசு, காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 விழுக்காடு மானியம் அறிவித்தது. ஒரே நிபந்தனை: ரிசோ சான்று பெற்ற வகைக்கு மட்டுமே மானியம். சான்று வேண்டுமானால் இறக்கை வலுவாக இருக்க வேண்டும், பிரேக் நம்பகமாக இருக்க வேண்டும். பணத்தை அள்ளிக் கொடுத்த நாடுகள் பல உண்டு. பணத்தோடு தரத்தையும் சேர்த்துக் கட்டியது டென்மார்க்.

காற்றாலை வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1978இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். தங்கள் மாத இதழில் எந்த வகைக் காற்றாலை எவ்வளவு யூனிட் தந்தது, எது எப்படிப் பழுதானது என்பதையெல்லாம் வெளிப்படையாக அச்சிட்டார்கள். அடுத்த காற்றாலை வாங்கப் போகும் விவசாயி அந்த இதழைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார். மோசமான இயந்திரம் செய்தவருக்கு ஒளிய இடமில்லை. அந்தத் தொழிலை வளர்த்ததில் எந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் குறையாத பங்கு அந்தப் புள்ளிவிவரப் பக்கத்துக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1980களில் கலிஃபோர்னியா வரிச்சலுகை கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான டென்மார்க் காற்றாலைகள் கப்பலேறின. சலுகை முடிந்ததும் சந்தை சரிந்தது. வெஸ்டாஸ் 1986இல் திவாலானது, பிறகு சீரமைக்கப்பட்டு மீண்டது. உள்ளூரில் வாங்குவோர் தொடர்ந்து இருந்ததால்தான் டென்மார்க்கின் தொழில் அந்த அடியைத் தாங்கியது.

யாருடைய காற்றாலை?

அந்த உள்ளூர் வாங்குவோர் யார் என்பதுதான் இரண்டாவது ஏற்பாடு. எல்லா விவசாயிகளாலும் தனியாக ஒரு காற்றாலை வாங்க முடியாது. ஆகவே ஊரில் பலர் சேர்ந்து கூட்டுறவு அமைத்தார்கள். பால் பண்ணைக் கூட்டுறவில் நெடுங்காலம் பழகிய மக்கள் அவர்கள். தொடக்கத்தில் விதி கண்டிப்பாக இருந்தது. காற்றாலைக்குச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் குடியிருப்பவர்களே பங்கு வாங்கலாம், அதுவும் தங்கள் வீட்டு மின்சாரத் தேவையை ஒட்டிய அளவுக்குத்தான். 2000களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஏதோ ஒரு காற்றாலையில் பங்குதாரர்களாக இருந்தன.

காற்றாலைக்கு ஒலி உண்டு, நிழல் உண்டு. வயலுக்கு நடுவே நின்று காட்சியை மறைக்கும். அது யாரோ ஒரு வெளியூர் முதலாளியுடையது என்றால் அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தன் பங்கும் அதில் சுழல்கிறது என்றால் அதே சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள மனம் வரும்.

சாம்சோ தீவு இதற்கு நல்ல சான்று. 1997இல் நாட்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் தீவாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தரையில் 11 காற்றாலைகள், கடலில் 10. தரையில் உள்ளவை விவசாயிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் சொந்தம். கடலில் உள்ளவற்றில் ஐந்தை உள்ளூராட்சியே வாங்கியது. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே 2000இல் எழுந்த மிடில்குருண்டன் காற்றாலைத் தொகுதியில் 20 காற்றாலைகள் ஒரு வில்லைப் போல் வளைந்து நிற்கின்றன. மொத்தம் 40 மெகாவாட். அதில் பாதி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தமாக அமைந்தது. தலைநகரின் முகப்பில், எல்லாரும் பார்க்கும் இடத்தில், இத்தனை பெரிய இயந்திரங்களை நிறுத்த முடிந்ததற்கு இதுவே முதற்காரணம்.

கடலுக்குள்

காற்றின் கணக்கு ஒன்றை இளைஞர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. இறக்கையின் நீளம் இரட்டித்தால் அது வீசும் பரப்பு நான்கு மடங்காகிறது. இதனால்தான் உயரமான கோபுரத்தையும் நீளமான இறக்கையையும் தடையில்லாத கடற்காற்றையும் நோக்கித் தொழில் நகர்ந்தது.

உலகின் முதல் கடல் காற்றாலைத் தொகுதி 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் அமைந்தது. 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட், எல்லாம் சேர்த்தாலும் 5 மெகாவாட்தான். 2002இல் வடகடலில் ஹார்ன்ஸ் ரெவ் தொகுதி வந்தபோது 80 காற்றாலைகள், 160 மெகாவாட். அங்கே பாடமும் கிடைத்தது. உப்புக்காற்றும் அலையும் உள்ள இடத்தில் மின்மாற்றிகள் பழுதாகி, 2004இல் 80 காற்றாலைகளின் தலைப்பகுதிகளையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அப்படிக் கற்ற பிறகுதான் 2013இல் 400 மெகாவாட் அன்ஹோல்ட் தொகுதியும், 2021இல் 600 மெகாவாட்டைத் தாண்டிய கிரீகர்ஸ் ஃப்ளாக் தொகுதியும் எழுந்தன. 1980இல் 15 மீட்டராக இருந்த சுழலியின் விட்டம், இப்போது ஓஸ்டெரில்ட் சோதனைத் திடலில் நிற்கும் 15 மெகாவாட் காற்றாலையில் 236 மீட்டர்.

விண்டெபித் தொகுதியை 2017இல் பிரித்தெடுத்தார்கள். 25 ஆண்டுகளில் அது தந்த மொத்த மின்சாரத்தை இன்றைய ஒரு பெரிய கடல் தொகுதி சில மாதங்களில் தந்துவிடும்.

காற்று நின்றால்?

இனி லா கூர் கேட்ட கேள்விக்கு வருவோம். நூற்றுக்கு இரண்டு பங்காக இருக்கும்போது காற்றின் ஏற்ற இறக்கத்தை யாரும் உணரமாட்டார்கள். நாற்பதைத் தாண்டினால் அதுவே நாட்டின் அன்றாடக் கவலையாகிவிடும்.

2005 ஜனவரி 8 அன்று பெரும்புயல் ஒன்று வீசியது. முதலில் காற்றாலைகள் முழுத் திறனோடு ஓடின. காற்றின் வேகம் விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டியதும், தங்களைக் காத்துக்கொள்ள அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேற்கு டென்மார்க்கில் சில மணி நேரத்தில் காற்று மின்சாரத்தின் பெரும்பகுதி மறைந்தது. ஆனாலும் நாடு இருளவில்லை. மூன்றாவது ஏற்பாடு கைகொடுத்தது: நார்வேயிலிருந்து மின்சாரம் வந்தது.

நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் மலை அணைகளிலிருந்து வருவது. இரு நாடுகளையும் இணைக்கும் முதல் ஸ்காகெராக் கடலடிக் கேபிள் 1970களிலேயே போடப்பட்டது. பிறகு 1993இலும் 2014இலும் கூட்டினார்கள். டென்மார்க்கில் காற்று மிகுந்த நேரத்தில் நார்வே அந்த மின்சாரத்தை வாங்கிக்கொண்டு தன் அணை மதகை மூடி வைக்கும். காற்று ஓய்ந்ததும் மதகைத் திறந்து மின்சாரம் அனுப்பும். அறுவடைக் காலத்தில் பக்கத்து வீட்டுக் குதிரில் நெல்லைக் கொட்டி வைத்து, மார்கழியில் அளந்து வாங்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. ஸ்வீடனோடும் ஜெர்மனியோடும் இணைப்பு உண்டு. 2010இல் நாட்டின் மேற்கையும் கிழக்கையும் கடலடியில் இணைத்தார்கள். 2019இல் நெதர்லாந்தோடும், 2023 இறுதியில் 1,400 மெகாவாட் வைக்கிங் இணைப்பின் வழியே பிரிட்டனோடும் கைகோத்தார்கள். 2015 ஜூலையில் ஓர் இரவு டென்மார்க்கின் காற்றாலைகள் நாட்டின் தேவையைவிட 40 விழுக்காடு அதிகமாகத் தந்தபோது, அந்த மிச்சம் இந்தக் கேபிள்களில்தான் போனது.

உள்ளேயும் ஓர் ஏற்பாடு உண்டு. அந்தக் குளிர்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஊர்ப்பொது வெந்நீர்க் குழாயால் சூடாகின்றன. மின்சாரம் மலிந்து கிடக்கும் நேரத்தில் பெரிய கொதிகலன்களில் அதைக்கொண்டு நீரைச் சூடாக்கித் தொட்டிகளில் தேக்கிக்கொள்கிறார்கள்.

இதற்கும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கேபிள் வழியே மின்சாரம் போவதுபோல் விலையும் போகிறது. காற்று ஓய்ந்த நாட்களில் ஐரோப்பாவின் விலையேற்றம் தங்கள் வீட்டுக்கும் வருகிறது என்று நார்வே மக்கள் கொதிக்கிறார்கள். பழைய ஸ்காகெராக் கேபிள்களைப் புதுப்பிக்க வேண்டுமா என்பது அங்கே அரசியல் விவாதமாகிவிட்டது. அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

வளர்ச்சி நின்ற ஆண்டுகள்

ஏற்பாடு தளர்ந்தால் வளர்ச்சி நிற்கும் என்று சொன்னேன். 1999இல் மின்சாரச் சந்தையைத் திறந்துவிடச் சட்டம் வந்தது. காற்று மின்சாரத்துக்கு இருந்த நிலையான விலை போனது. அருகில் குடியிருப்பவர்தான் பங்கு வாங்கலாம் என்ற விதியும் போனது. 2003 முடிவில் சுமார் 3,100 மெகாவாட்டாக இருந்த நிறுவுதிறன், ஐந்து ஆண்டு கழித்தும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. ஊர்களில் எதிர்ப்பும் கூடியது. 2008இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். காற்றாலை நிறுவுவோர் குறைந்தது 20 விழுக்காடு பங்கை அருகில் வாழ்வோருக்கு விற்க முன்வர வேண்டும், வீட்டின் மதிப்பு குறைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று விதித்தார்கள். வளர்ச்சி மீண்டும் தொடங்கியது.

அண்மையில் இன்னொரு பாடம். 2024இல் வடகடலில் 3,000 மெகாவாட்டுக்கு டெண்டர் விட்டார்கள். மானியம் கிடையாது. டிசம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. வட்டியும் பொருள் விலையும் ஏறியிருந்தன. காற்று வீசும் நேரமெல்லாம் சந்தையில் மின்சார விலை விழுந்துவிடுவதால், போட்ட முதல் திரும்புமா என்ற அச்சம் நிறுவனங்களுக்கு. ஆதரவு தரும் முறைக்கு அரசு மறுபடி திரும்ப வேண்டி வந்தது. நூறாண்டுக்கு மேல் அனுபவமுள்ள நாட்டிலும், சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் வேலை நின்றுவிடும்.

நமக்கும் இதில் உறவு உண்டு

நண்பர்களே, டென்மார்க்குக்கும் நம் தென்மாவட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முப்பந்தலிலும் கயத்தாறிலும் தொடக்ககாலத்தில் நிறுவிய காற்றாலைகளில் டென்மார்க் அரசின் ‘டானிடா’ உதவியில் வந்தவை உண்டு. கயத்தாறில் உள்ள காற்றாலைச் சோதனை நிலையமும் டென்மார்க்கின் தொழில்நுட்ப உதவியோடு, ரிசோ அறிஞர்களின் துணையோடு உருவானது.

இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். டென்மார்க்கின் நிலத்திலும் கடலிலும் உள்ள மொத்தத்தைவிட இது அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் தந்த கொடை. ஆனாலும் நம் மின்சாரத்தில் காற்றின் பங்கு பாதியின் அருகில்கூட இல்லை. நம் தேவை மிகப் பெரியது என்பது ஒரு காரணம். நம் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை மொத்தமாக வந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது என்பது இன்னொன்று.

மூன்றாவது காரணம் ஏற்பாட்டில் இருக்கிறது. நம்மிடம் காற்றாலையை வளர்த்தவை பெரும்பாலும் நூற்பாலைகளும் பிற தொழிற்சாலைகளும். 1990களில் முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வரிச்சலுகை இருந்தது. அந்த முதலாளிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் துணிந்திராவிட்டால் முப்பந்தலே இல்லை. ஆனால் சலுகை கிடைத்தது முதலீட்டுக்கு. எத்தனை யூனிட் விளைந்தது என்று கேட்கும் கட்டாயம் அதில் குறைவு. காற்றாலையின் நிழலில் வாழும் ஊருக்குப் பங்கும் இல்லை. நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் இன்றும் பழைய, சிறிய, உயரம் குறைந்த காற்றாலைகள் நிற்கின்றன.

டென்மார்க் 2001இலேயே பழைய சிறிய காற்றாலைகளைக் கழற்றிப் பெரியவற்றை நிறுவ ஊக்கம் கொடுத்தது. தமிழ்நாடு அரசும் 2024இல் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அதை நிறைவேற்றும்போது மூன்று செயல்களைச் செய்ய வேண்டும் என்று இந்த அவையின் முன் வேண்டுகிறேன்.

முதலாவது, எந்த இடத்தில் எந்த வகைக் காற்றாலை மாதம் எத்தனை யூனிட் தந்தது என்பதை எவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இரண்டாவது, புதிய காற்றாலை எழும் ஊரில் வாழும் குடும்பங்களுக்கும் ஊராட்சிக்கும் அதில் பங்கு வாங்க உரிமை கொடுங்கள். கூட்டுறவு நமக்குப் புதிதில்லை, பால் சங்கங்களை நடத்திய மக்கள் நாம். மூன்றாவது, ஆடிக் காற்றில் மிஞ்சும் மின்சாரத்துக்கு இடம் தேடுங்கள். நமக்குப் பக்கத்தில் நார்வே இல்லை. ஆனால் நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டம் போன்றவை இருக்கின்றன, பிற மாநிலங்களுக்குப் போகும் பெருவழி மின்தடங்கள் இருக்கின்றன. காற்றாலைக்குத் தரும் அதே அவசரத்தை இவற்றுக்கும் தர வேண்டும்.

மாணவர்களே, உங்களில் சிலர் இறக்கை வடிவமைப்பீர்கள், சிலர் மின்தடத்தைத் திட்டமிடுவீர்கள், சிலர் ஊராட்சி மன்றத்தில் உட்காருவீர்கள், சிலர் சட்டம் எழுதுவீர்கள். இந்த நால்வரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்ட நாட்டில் காற்றின் பங்கு இரண்டிலிருந்து ஐம்பதுக்கு உயர்ந்தது. அந்தப் பேச்சை நம் ஊரில் தொடங்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.